பொட்டல் மாஸ்டர் பதில்கள்: ஊட்டி உயரத்தில் உலகக் கோப்பை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கால்பந்துதான். 2026 உலகக் கோப்பை தொடங்கும் ஜூன் 11 நெருங்குகிறது, புரிகிறது. மூல வியாதிக்கும் முழங்கால் வலிக்கும் பதில் கேட்டிருப்பவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பத்தொரு வருஷம் காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவன் நான். கால்பந்து என்றால் மற்றதெல்லாம் மறந்துபோகும்.

மெக்சிகோ சிட்டி ரொம்ப உயரத்தில் இருக்கிறதாம். அங்கே தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் ஆட்டம் என்றால் மெக்சிகோவை யாரும் அசைக்க முடியாது என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். ஐயாயிரம் ரூபாய் பந்தயம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?
*– மருந்துக்கடை வாசகர், தேவகோட்டை*

பணத்தைக் கடையிலேயே வைத்திருங்கள். மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம்.

மெக்சிகோ சிட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். நம் ஊட்டியும் அதே 2,240 மீட்டர்தான். ஆக, அந்த ஊர் அஸ்டெகா மைதானத்தில் ஆடுவது என்பது ஊட்டியில் தொண்ணூறு நிமிடம் ஓடுவது மாதிரி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. ஒரு ஓட்டம் ஓடலாம், தெரியாது. ஓடிவிட்டுத் திரும்பி நின்று மூச்சு வாங்கி, அடுத்த ஓட்டத்துக்குத் தயாராவதற்குள் பந்து போய்விடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1994-ல் பதினாறு பையன்களைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானலுக்கு ஒரு நாக்-அவுட் போட்டிக்குப் போனேன். மதுரை வழியாக வத்தலக்குண்டு. அங்கே பஸ் நின்றபோது பையன்கள் சிப்ஸ் பாக்கெட் வாங்கினார்கள். வளைவு வளைவாக ஏற ஏற அந்தப் பாக்கெட்டுகள் தலையணை மாதிரி உப்பிவிட்டன. பையன்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். காரைக்குடியில் காற்றடித்துக் கொண்டுபோன எங்கள் இரண்டு பந்துக்கும் அதேதான் நடந்துகொண்டிருக்கிறது என்று ஒரு மரமண்டைக்கும் தோன்றவில்லை. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே அடைத்த காற்று முட்டும். பந்து கல் மாதிரி ஆகிவிடும். மறுநாள் காலை அதைத் தலையால் முட்டிப் பழகிய இரண்டு பேர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய தப்பு, முந்தின நாள் சாயங்காலமே போய் இறங்கியது. ராத்திரி குளிரில் ஒருத்தனும் தூங்கவில்லை, பாதிப் பேருக்குத் தலைவலி. ஆட்டம் தொடங்கி பத்தாவது நிமிடத்தில் நாங்கள்தான் முதல் கோல் போட்டோம். அப்புறம் அவர்களுடைய நடு ஆட்டக்காரன் பாதி மைதானத்திலிருந்து ஒன்று தூக்கி அடித்தான். எங்கள் கோல்கீப்பர் கோட்டையூர்ப் பையன், கெட்டிக்காரன். பந்து எங்கே இறங்கும் என்று கணக்குப் போட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தான். கணக்கு சரிதான், ஆனால் அது காரைக்குடிக் கணக்கு. பந்து இறங்கவே இல்லை. அவன் விரல் நுனிக்கு மேலே போய் வலையில் விழுந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, 'என்ன சார் இது, ஏமாத்திட்டாங்க' என்கிற மாதிரி, இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. காற்று மெலிந்திருந்தால் பந்தைப் பிடித்து இழுக்க ஆளில்லை. வேகம் குறையாது, வளைத்து அடித்தாலும் அவ்வளவாக வளையாது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்து ஒரு கணம் முன்னால் வந்துவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

1-0 என்று முன்னால் இருந்தவர்கள் 1-4 என்று தோற்றோம். சரி, இப்போது உங்கள் மைத்துனருக்கு ஒரு கேள்வி. 1970 உலகக் கோப்பைக் காலிறுதியில் இதே மாதிரி முதல் கோல் போட்டுவிட்டு இதே 1-4 என்று தோற்ற அணி எது?

மெக்சிகோ! சொந்த நாட்டில், டொலூகாவில். டொலூகா மெக்சிகோ சிட்டியையும் விட உயரம், 2,660 மீட்டர். வந்து அடித்துவிட்டுப் போனது இத்தாலி. முன்னாலேயே போய் மலைக்காற்றைப் பழகிக்கொண்டால் விருந்தாளியும் வீட்டுக்காரன்தான். ரத்தத்தில் சிவப்பணு கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். அந்த வருஷம் நல்ல அணிகள் அந்த நேரத்தைக் கொடுத்தன. பிரேசில் மெக்சிகோவின் மலை ஊரான குவானஹுவாட்டோவின் உயரத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தது. அஸ்டெகாவில் நடந்த இறுதி ஆட்டத்தின் இடைவேளையில் இத்தாலியும் பிரேசிலும் 1-1. அதற்கு நாலு நாள் முன்னால்தான் இத்தாலி அதே மைதானத்தில் மேற்கு ஜெர்மனியோடு கூடுதல் நேரம் வரை ஓடி 4-3 என்று ஜெயித்திருந்தது. கால் தாங்கவில்லை. இரண்டாம் பாதியில் பிரேசில் மூன்று கோல் போட்டது.

1986-ல் மறுபடி மெக்சிகோவில் போட்டி. அஸ்டெகாவில் மெக்சிகோக்காரர்கள் பல்கேரியாவை 2-0 என்று ஜெயித்துக் காலிறுதிக்கு வந்தார்கள். அதில் அவர்கள் ஆட்டக்காரர் நெக்ரேத்தே அந்தரத்தில் படுத்தபடி அடித்த கோலை இன்றும் தேடிப் பார்க்கலாம். ஆனால் காலிறுதி எங்கே? மான்டெர்ரேயில். உயரம் ஐந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். மேற்கு ஜெர்மனியோடு 0-0, பெனால்டியில் தோல்வி. மலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாதே.

இந்தத் தடவை மெக்சிகோவோடு அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து போட்டியை நடத்துகின்றன, அதே கதைதான் காத்திருக்கிறது. குழுவில் முதலிடம் பிடித்தால் மெக்சிகோவுக்கு 32 அணிகள் சுற்றும் அஸ்டெகாவில், அதில் ஜெயித்தால் 16 அணிகள் சுற்றும் அஸ்டெகாவில். அது பெரிய சௌகரியம், மறுக்கவில்லை. காலிறுதியிலிருந்து எல்லா ஆட்டமும் அமெரிக்காவில்தான். அப்புறம் இன்னொன்று. மெக்சிகோவின் முன்வரிசை ஆட்டக்காரர்களில் சிலர் பிழைப்பது ஐரோப்பாவில். ரவுல் ஹிமெனெஸ் லண்டனில் ஆடுகிறவர். அவர் நுரையீரலும் மேலே ஏறிப் பழக வேண்டியதுதான். பத்தாயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து பார்க்கும் உங்கள் மைத்துனருக்கு அது தெரியாது.

அஸ்டெகாவில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களில் மெக்சிகோ தோற்றதே அபூர்வம். முதல் தடவை 2001-ல் கோஸ்டா ரிகாவிடம், அடுத்தது 2013-ல் ஹோண்டுராஸிடம், இரண்டுமே 2-1. தோற்கடித்த இரண்டும் சின்ன நாடுகள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பந்தயம் கட்டியே தீருவேன் என்றால் ஐந்து ரூபாய்க்குக் கட்டுங்கள்.

முதல் ஆட்டம் நம் நேரப்படி எத்தனை மணிக்கு?
*– கல்லூரி மாணவர், குன்றக்குடி*

அங்கே மதியம் ஒரு மணி. நமக்கு ஜூன் 11 ராத்திரி விடிந்தும் விடியாமலும் இல்லை, சரியாக நள்ளிரவு 12.30, அதாவது ஜூன் 12 பிறந்து அரை மணி நேரம். மெக்சிகோவும் தென்னாப்பிரிக்காவும். மறுநாள் தேர்வு இருந்தால் பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன்.

உயரமான ஊரில் ஆடுவது அநியாயம் என்று ஃபிஃபா ஒருமுறை தடை போட்டதாமே? பிறகு ஏன் எடுத்தார்கள்?
*– வங்கி ஊழியர், திருப்பத்தூர்*

2007 மே மாதம், 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேச ஆட்டம் கூடாது என்றார்கள். பொலிவியாவின் லா பாஸ் சுமார் 3,600 மீட்டர். ஈகுவடாரின் கீட்டோ 2,850. ஆண்டிஸ் மலைக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். அடுத்த மாதமே வரம்பை 3,000 என்று உயர்த்தினார்கள். பொலிவியாவின் அதிபர் எவோ மொராலெஸ் பனிமலையில் ஏறிப் போய்ப் பந்து விளையாடிக் காட்டினார். 2008 மே மாதத்தில் தடையை நிறுத்திவைத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி மரடோனா. தடை கூடாது என்று பேசி, 2008 மார்ச்சில் லா பாஸுக்கே போய் ஆடிக் காட்டியவர் அவர். அடுத்த வருஷம் அர்ஜென்டினாவின் பயிற்சியாளராக அதே லா பாஸுக்கு வந்தார். 2009 ஏப்ரல் 1. பொலிவியா 6, அர்ஜென்டினா 1. மெஸ்ஸியும் ஆடினார். தேதியைப் பார்த்து முட்டாள்தினக் குறும்பு என்று நினைத்தவர்கள் உண்டு. ஆனால் மனிதர் மலையைக் குற்றம் சொல்லவில்லை. அதற்காகவே அவரை மன்னிக்கலாம்.

மலைக்கு எவ்வளவு மதிப்பு என்று 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. தென்னமெரிக்காவின் பத்து நாடுகள், நூறு வருஷக் கணக்கு, 1,460 ஆட்டங்கள். ஆயிரம் மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய அரை கோல் லாபம். இரண்டு அணியும் ஒரே உயரத்துக்காரர்கள் என்றால் சொந்த ஊர் அணி ஜெயிக்கும் வாய்ப்பு 54 சதவீதம். பொலிவியாவுக்கும் பிரேசிலுக்கும் இருக்கிற மாதிரி 3,695 மீட்டர் வித்தியாசம் என்றால் 82 சதவீதத்துக்கு மேல். 2026 தகுதிச் சுற்றில் பொலிவியா எடுத்த 20 புள்ளிகளில் 17 சொந்த ஊரில் எடுத்தது. 2024-லிருந்து லா பாஸ் போதாது என்று 4,000 மீட்டருக்கும் மேலே எல் ஆல்ட்டோவுக்குப் போய்விட்டார்கள். 2025 செப்டம்பரில் பிரேசிலை அங்கே 1-0 என்று ஜெயித்தார்கள்.

ஆனால் அதெல்லாம் லீக் கணக்கு. பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பது மேலே ஆடினால் அரை கோல், முக்கால் கோல் எல்லாம் சேர்ந்து புள்ளியாகும், வட்டி மாதிரி. செட்டிநாட்டுக்காரர்களுக்கு வட்டிக் கணக்கு நான் சொல்லித் தர வேண்டாம். நாக்-அவுட்டில் ஒரே ஆட்டம். அங்கே 82 சதவீதம் என்றாலும் மிச்சம் 18 இருக்கிறதல்லவா, அது அன்றைக்கே வந்து நிற்கும். 1997-ல் தென்னமெரிக்க நாடுகளின் கோப்பையான கோபா அமெரிக்காவின் இறுதி ஆட்டம், லா பாஸில் பொலிவியா, எதிரே பிரேசில். மலை இருக்கிறது, ஜனம் இருக்கிறது. இடைவேளையில் 1-1. ரொனால்டோ ஒன்று, கடைசியில் ஸே ரொபெர்ட்டோ ஒன்று. 3-1, கோப்பை பிரேசிலுக்கு.

இரண்டு ஆட்டமாக நடத்தி, கோல்களைக் கூட்டிப் பார்க்கும் நாக்-அவுட் என்றால் மலை இன்னும் சங்கடப்படுத்தும். தென்னமெரிக்க கிளப்புகளின் கோப்பையான லிபெர்ட்டடோரஸின் 2014 அரையிறுதியில் லா பாஸின் பொலிவார் கிளப் முதலில் அர்ஜென்டினாவுக்குப் போய் சான் லொரென்ஸோவிடம் 0-5 வாங்கிக்கொண்டு வந்தது. திரும்பி மேலே வந்து ஆடி ஜெயித்தது, 1-0. என்ன பிரயோஜனம்? மாறாக கீட்டோவின் எல்.டி.யூ. கிளப் அதே கோப்பையின் 2008 இறுதியில் முதலில் வீட்டில் 4-2 என்று சேர்த்துவைத்துக்கொண்டது. பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் 1-3 என்று தோற்றும், பெனால்டியில் கோப்பையைத் தூக்கியது. முதல் ஆட்டத்தில் சேமிப்பு இருந்ததால் பிழைத்தார்கள்.

பேரன் ராத்திரியெல்லாம் பட்டாலையில் உட்கார்ந்து பந்தாட்டம் பார்க்கிறான். சொந்த ஊரில் ஆடுகிறவர்கள் தோற்றால் அப்படி அழுகிறார்களே, ஏன்? அத்தனை கூட்டம் கூடவே நிற்கும்போது எப்படித் தோற்கிறார்கள்?
*– எழுபது வயது ஆச்சி, பள்ளத்தூர்*

ஆச்சி, வந்த கேள்வியிலேயே சிறந்த கேள்வி உங்களுடையது.

கூட்டம் உதவும், உண்மை. ஆனால் ஆட்டக்காரனுக்கு உதவுவதைவிட நடுவரிடம்தான் அதிகம் வேலை செய்கிறது. இங்கிலாந்தில் 40 நடுவர்களை உட்காரவைத்து ஒரு ஆட்டத்தில் பந்தைப் பறிக்கப் பாய்கிற இடங்களைப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேருக்குக் கூட்டச் சத்தத்தோடு, பாதிப் பேருக்குச் சத்தம் இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணி மேல் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். வேண்டுமென்று இல்லை. நானே மகர்நோன்புப் பொட்டலில் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், கூட்டம் 'ஏய்' என்றதும் இறக்கியிருக்கிறேன். எந்த ஆட்டம் என்று கேட்காதீர்கள், இரண்டு பக்கத்தாரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் காலி மைதானத்தில் ஆடியபோது இந்தச் சலுகை நன்றாகவே குறைந்தது.

நாக்-அவுட்டில் அதே கூட்டம் தோளில் ஏறி உட்கார்ந்துவிடும். சிராவயல் மஞ்சுவிரட்டில் வெளியூர் மாடு பிடிபட்டால் துண்டை உதறிக்கொண்டு போய்விடுவார்கள். சிராவயல் மாடே பிடிபட்டால் மாட்டுக்காரர் இரண்டு நாள் டீக்கடைப் பக்கம் வரமாட்டார். 2014-ல் பிரேசில் அப்படித்தான். அரையிறுதி, பெலோ ஒரிசோன்ட்டே, ஜெர்மனி. நட்பு ஆட்டங்கள் நீங்கலாக, பிரேசில் சொந்த மண்ணில் தோற்று 39 வருஷம் ஆகியிருந்தது. ஒரு கோல் விழுந்தது. அதுவரை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது விழுந்ததும் ஆறு நிமிடத்துக்குள் நாலு கோல், அரை மணி நேரத்தில் 5-0. அந்த நாலுக்கும் ஜெர்மனியின் திறமை பாதி, வீட்டுக்காரனின் பதற்றம் பாதி. வெளியூரில் ஆடியிருந்தால் 0-2 என்று சுருட்டிக்கொண்டு, இடைவேளை வரை கட்டிக் காத்திருப்பார்கள். வீட்டில் அப்படிச் செய்ய விடமாட்டார்கள், எல்லோரும் முன்னால் போ போ என்பார்கள். கடைசியில் 7-1.

இன்னொன்று, சொந்த ஊர் எது என்பதே சில சமயம் குழப்பம். 1990 ஜூலை 3, இத்தாலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் அரையிறுதி, ஊர் நேப்பிள்ஸ். மரடோனா அந்த ஊர் கிளப்பின் குலதெய்வம் மாதிரி. வருஷம் முழுக்க உங்களை ஏளனம் செய்கிறவர்களுக்கா கை தட்டப் போகிறீர்கள் என்று நேப்பிள்ஸ்காரர்களைப் பார்த்துக் கேட்டார் மனிதர். இத்தாலிக்குத்தான் சொந்த நாடு. ஆனால் அந்த மைதானத்தில் எப்போதும் கேட்கிற இரைச்சல் கேட்கவில்லை. 1-1, பெனால்டியில் அர்ஜென்டினா.

பேரன் அழுதால் அழட்டும் ஆச்சி. காலையில் பால் பணியாரம் கொடுங்கள், சரியாகிவிடும்.

உயரம் அநியாயம் என்றால் வெயில் மட்டும் நியாயமா?
*– காரைக்குடி வாசகர், கையெழுத்து புரியவில்லை*

நியாயமான கேள்வி. கொலம்பியாவின் தலைநகரம் பொகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அவர்கள் தகுதி ஆட்டங்களைப் பெரும்பாலும் பாரன்கியாவில், கடற்கரைப் புழுக்கத்தில், மத்தியான வெயிலில்தான் வைக்கிறார்கள். அதை யாரும் தடை செய்யப் பேசவில்லை.

1995 ஏப்ரலில் அந்தக் கொடைக்கானல் அணி இங்கே ஒரு விடுமுறைப் போட்டிக்கு வந்தது. ஆட்டத்தை நாலு மணிக்கு வைத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். செம்மண் காலுக்குக் கீழே தோசைக்கல். இருபது நிமிடத்தில் அந்தப் பையன்களின் முகம் தக்காளி மாதிரி ஆகிவிட்டது. 3-0. அவர்கள் மாஸ்டருக்கும் எனக்கும் நன்னாரி சர்பத் வந்தது. குடித்துவிட்டு, 'ஐந்தரை மணிக்கு வைத்திருக்கலாமே சார்' என்றார். 'முந்தின நாள் எங்களைக் குளிரில் படுக்க வைத்தீர்களே' என்றேன். அதற்குமேல் பேச்சில்லை, இரண்டாவது டம்ளர் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்.

இந்தியா லே மாதிரி உயரமான ஊரில் ஆடினால் ஜெயிக்குமா?
*– பள்ளி மாணவி, சிங்கம்புணரி*

பூட்டானைப் பார் அம்மா. திம்பு மைதானம் சுமார் 2,300 மீட்டர். 2015-ல் உலகத் தரவரிசையில் கடைசி இடத்தில் இருந்த பூட்டான், இலங்கையை இரண்டு ஆட்ட நாக்-அவுட்டில் வீழ்த்தியது. எல்லோரும் மலையைக் காரணம் சொன்னார்கள். ஆனால் முதல் ஆட்டம் எங்கே? கடலோரக் கொழும்பில், 1-0. அப்புறம்தான் திம்புவில் 2-1. அடுத்த சுற்றில் அதே திம்புவுக்குச் சீனா வந்தது, 0-6. முதலில் பந்தை ஒழுங்காகக் கடத்தப் பழக வேண்டும், மலை எங்கேயும் போகாது.

அடுத்த மாதம் எங்கள் கிளப் ஊட்டியில் நாக்-அவுட் ஆடப் போகிறது. ஒரு நாள்தான் அவகாசம். யோசனை சொல்லுங்கள் மாஸ்டர்.
*– கோட்டையூர் கிளப் கேப்டன்*

கோட்டையூர் என்றதும் எனக்கு அந்தக் கோல்கீப்பர் ஞாபகம்தான். ஒரு வாரம் கிடைத்தால் மேலே போய்த் தங்குங்கள். கிடைக்காது என்றால் முந்தின ராத்திரி மேலே போகவே போகாதீர்கள். லா பாஸுக்கு ஆடப் போகிற அணிகள் பல, அதே பொலிவியாவில் தாழ்வாக இருக்கும் சாந்தா குரூஸில் படுத்துக்கொண்டு ஆட்டத்தன்றுதான் மேலே ஏறும். உங்களுக்கு மேட்டுப்பாளையம்தான் சாந்தா குரூஸ். அங்கே தூங்கிவிட்டு விடிகாலையில் கிளம்புங்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிறவன் எடுத்து முடித்து, வயிறு அடங்க நாலு மணி நேரமாவது வேண்டும். அதைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

பந்தில் காற்றை மேலே போய் அடியுங்கள், கீழே அடித்தால் இறக்கிவிட்டுச் சரி பாருங்கள். ஆட்டத்துக்கு முன்னால் கோல்கீப்பருக்கு மட்டும் தனியாக அரை மணி நேரம் தூரத்திலிருந்து உயரப் பந்தாகவே அடித்துக் கொடுங்கள், ஒரு ஐம்பது பந்து. அவன் கண் பழகட்டும். அவன் முன்னால் வந்தால் கத்துங்கள். நீங்களும் தூரத்திலிருந்து தாராளமாக அடிக்கலாம், எதிரே நிற்பவன் பழகியவன் என்றாலும் பந்து வேகமாகத்தான் வரும். ஓடி ஓடிப் பந்தைப் பறிக்கும் ஆட்டம் வேண்டாம். பந்தை ஓடவிடுங்கள், ஆள் நிற்கட்டும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள், குளிரில் தாகம் தெரியாது.

வீட்டில் தேன்குழலும் சீப்புச் சீடையும் டின் டின்னாகக் கட்டிக் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது. டின்னை நீங்களே வாங்கி பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு திறக்கலாம். எங்கள் பையன்கள் அன்றைக்கு வத்தலக்குண்டிலேயே பாதி டின்னைக் காலி செய்திருந்தார்கள்.